மண்ணிற் கிடைத்த இரும்புக் குழாயும் மைசூர்ப் போர்வாணமும்



திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் நிலமும் கிணறும் உடையார் நம்மவருட் பலர். கிணறு தூர் வாருங்காலும் கடைகால் தோண்டுங்காலும் துருவேறிய இரும்புக் குழாய் ஒன்று அகப்படுமாயின், அதனை யாதென்று துணிவது? ஒருவர் உலக்கைப் பூண் என்பர். ஒருவர் பீரங்கிக் குண்டு என்பர். மற்றொருவர் தம் முன்னோர் போரில் ஏந்திய ஆயுதம் என்று பெருமை கொள்வர். ஆராயாது கூறுவதில் இம்மூவரும் ஒருதன்மையரே.

இதற்குத் தக்கதொரு சான்று கருநாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்தில் உளது. பிதனூர் என்று முன்னாளில் வழங்கிய நகரா என்னும் ஊரில், 2002-ம் வருடம், கிணறொன்றிலிருந்து சுமார் 160 இரும்புக் குழாய்கள் கிடைத்தன. அவற்றைக் குண்டுகளென்றே எண்ணி அரும்பொருட் காட்சிச்சாலையில் வைத்தனர். ஆண்டுகள் பல சென்றபின், நுணுகி நோக்கியபோதே, அவை ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்துப் போர்வாணங்கள் எனத் தெளிந்தனர். 2018-ம் வருடம் ஜூலை மாதம், அவ்வூர்க் கிணற்று மண்ணில் வெடிமருந்து மணம் வீசக்கண்டு தோண்டினர். 15 பேர் 3 நாள் உழைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட வாணங்களை வெளிக்கொணர்ந்தனர்.

இவ்வாணம் நம் வட்டாரத்துக்கும் அந்நியமன்று. 1780-ம் வருடம் ஹைதர் அலி ஆர்க்காட்டுச் சீமையிற் புகுந்தபோது, குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை ஆகஸ்டு மாதம் கும்மிடிப்பூண்டி வழியாக இறங்கிற்று. கொசஸ்தலையாற்றின் வடகரையில் அது தங்கிய இரவே வெள்ளம் பெருகிற்று. செப்டம்பர் தொடக்கத்தில்தான் ஆற்றைக் கடக்கலாயிற்று. 6-ந் தேதி பேரம்பாக்கத்தருகே திப்பு அதனைத் தாக்கினார். 10-ந் தேதி புள்ளலூரில் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, அப்படை அழிந்தது. வண்டிகள் வெடித்தது வாணத்தால் என்பாரும் பீரங்கியால் என்பாரும் உளர். ஸ்ரீரங்கபட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அப்போர் சித்திரமாக விளங்குகின்றது.

ஏனை நாட்டு வாணங்கள் பெரும்பாலும் காகிதக் கூட்டினவாயிருக்க, மைசூரார் மருந்தை இரும்புக் கூட்டில் அடைத்தனர். கூடு வலிதாகவே அழுத்தம் மிகுந்தது. அழுத்தம் மிகவே வாணம் நெடுந்தூரம் பாய்ந்தது. இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவற்றை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவ் என்பார் 1805-ம் வருடத்தை அடுத்துத் தம் பெயரால் வழங்கிய வாணங்களைச் செய்தார்.

இனி, அடையாளங் காணும் முறை. வாணக் கூடு ஒரு சாண் அளவினது. ஒரு முனை அடைபட்டு, மறுமுனையில் புகை பாயும் துளை உடையது. மூங்கிற் கழியோடோ வாளலகோடோ சேர்த்துக் கட்டப்பெறுவது. வெடிகுண்டோ தடித்த சுவரும் திரித்துளையும் உடையது. நம் கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டுப் போடும் குழாயோ அடிகனத்து நிமிர்ந்து நிற்பது; அதன் வாய் முழுதும் திறந்திருக்கும்; திரிவழி அடிப்பக்கத்தில் அமையும். ஆதலின், நீளம், சுவர்க்கனம், துளையின் இடம், கிடைத்த ஆழம் என்னும் நான்கையும் குறித்துக்கொண்டபின்னரே பெயரிடுதல் முறை.

எனினும், ஐயுறும் பொருளைத் தட்டவும் தேய்க்கவும் வேண்டா. உள்ளே மருந்து எஞ்சியிருக்கக்கூடும். கண்ட இடத்திலேயே விட்டுப் போலீசாருக்கு அறிவிக்க. 2004-ம் வருடம், டில்லிக்கு அணித்தான சாகிபாபாதில், பழைய இரும்போடு வந்த குண்டு உருக்காலையில் வெடித்துத் தொழிலாளர் பதின்மர் மாண்டனர். நம் கும்மிடிப்பூண்டியிலும் பழைய இரும்பை உருக்கும் உலைகள் பல. அவற்றில் உழைப்பார் நம் பிள்ளைகளே. ஆராயாது இரும்புக்கடைக்குப் போடுவதால் ஓர் உயிரும் போகலாம். ஒரு வரலாறும் கரைந்து போகலாம்.

மண்ணிற் புதைந்து கிடைத்த விலையுடைய பழம்பொருளைக் கலெக்டருக்கு அறிவித்தல் 1878-ம் வருடத்துப் புதையற் சட்டத்தின் விதி. நம் குலத்துக்குப் பெருமை வேண்டின், இல்லாத வீரத்தை ஒரு குழாயின்மேல் ஏற்றிக் கூறுதலால் அது வாராது. உள்ளதை உள்ளவாறு காத்து, பின்வருவோர்க்கு ஒப்படைத்தலாலேயே வரும்.