ரெண்டு கையால அடிச்சவங்க

குமார் சங்கக்கார பந்து வீசினால் வலது கை, துடுப்பெடுத்தால் இடது பக்கம். எங்கட ஊர் சொஃப்ட்போல் டீம்களிலும் இப்படி ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். டீமுக்குள் அவர்களுக்கு 'லெஃப்டர்' என்று பெயர். ஆனால் எழுதுவதும் சோறு தின்பதும் வலது கையால்தான். இவர்கள் டென்னிஸ் ரெக்கட்டைத் தொட்டதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் டென்னிஸின் கஷ்டமான அடிகளில் ஒன்றைப் பாதி கற்று முடித்துவிட்டார்கள்.

எப்படி என்று கேட்டால், இடது பக்கம் நின்று ஆடுபவர் துடுப்பைப் பிடிப்பதைப் பாருங்கள். பிடியின் நுனியில் வலது கை. அதற்குக் கீழே, பலகைக்குக் கிட்ட, இடது கை. வலது தோள் பந்து வீசுபவரைப் பார்த்திருக்கும். இப்போது துடுப்பை வாங்கிவிட்டு ஒரு ரெக்கட்டைக் கொடுங்கள். அதே கைகள், அதே தோள், அதே திரும்பல். வலது கைக்காரரின் ரெண்டு கை பேக்ஹேண்ட் என்பது அதுதான்.

டென்னிஸ் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வலது கைக்காரருக்கு உடம்பின் வலப்பக்கம் வரும் பந்தை அடிப்பது ஃபோர்ஹேண்ட், இடப்பக்கம் வருவதை அடிப்பது பேக்ஹேண்ட். அடிப்பதற்கு முன் ரெக்கட்டைப் பின்னுக்குக் கொண்டுபோவது பேக்ஸ்விங். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தப் பின்னுக்குப் போகும் அசைவைப் பற்றியது. பந்து படும் கணத்தைத்தான் எல்லோரும் பார்ப்போம். ஆனால் அடி நல்லதா கெட்டதா என்பது அதற்கு முன்னரே முடிவாகிவிடும்.

சங்கக்காரவைச் சும்மா இழுக்கவில்லை. மாத்தளையில் பிறந்து, கண்டியில் வளர்ந்து, ட்ரினிட்டியில் படித்தவர். பாடசாலைக் காலத்தில் டென்னிஸும் பட்மின்டனும் ஆடினார். அதிபர் லெனார்ட் டி அல்விஸ்தான் பிள்ளையைக் கிரிக்கெட்டில் கவனம் செலுத்த விடும்படி தாயாரிடம் சொன்னவர். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் பாதையில்தான் அக்குறணையும் இருக்கிறது. அந்தப் பாதையில் டென்னிஸ் நமக்கு அந்நியமான விளையாட்டு இல்லை. ஆனால் நம்மிடம் வந்து சேர்ந்தது பந்து மட்டும்தான். 'டென்னிஸ் போல்' என்றால் நம்மில் பலருக்கு அது கிரிக்கெட் சாமான்!

டென்னிஸ் வந்த விதம் அப்படி. 1874இல் இங்கிலாந்தில் மேஜர் விங்ஃபீல்ட் என்பவர் புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை எடுத்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது நம் மலைநாட்டுக்கு ஏறிவிட்டது. தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் கழகங்களில், நுவரெலியாவிலும் கண்டியிலும், வெள்ளை உடுப்போடு ஆடப்பட்டது. அந்தக் கழகங்களில் பேக்ஹேண்ட் என்றால் ஒரு கைதான். உறையிலிருந்து வாளை உருவுவது போல நீளமாக இழுத்து, நீளமாக வீசி முடிக்கும் அடி. பார்க்க அழகு, மறுக்க முடியாது. ஆனால் அதற்கு முதிர்ந்த மணிக்கட்டும் தோளும் வேண்டும். அந்தக் காலத்து மரச்சட்ட ரெக்கட் ஏறத்தாழ 370 கிராம். ஆறு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்து ஒரு கையால் பேக்ஹேண்ட் அடி என்றால் ரெக்கட்தான் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? மற்றக் கையையும் வைத்தார்கள். இந்த அடியின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. எந்தப் பயிற்றுவிப்பாளரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை.

முதலில் உலகம் கவனித்த பெயர் விவியன் மக்ராத், அவுஸ்திரேலியர். 1933இல், பதினாறு வயதில், அவுஸ்திரேலியச் சுற்றுப்போட்டியின் காலிறுதியில் எல்ஸ்வர்த் வைன்ஸைத் தோற்கடித்தார். வைன்ஸ் முந்தைய ஆண்டின் விம்பிள்டன், அமெரிக்கச் சம்பியன். 1937இல் மக்ராத் அதே சுற்றுப்போட்டியை வென்றபோது வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர் ஜோன் ப்ரொம்விச். அவரும் ரெண்டு கைக்காரர்! அதே காலத்தில் எக்குவடோரில் பாஞ்சோ செகூரா என்ற பையன். அப்பா டென்னிஸ் கழகத்தில் காவலாள், மகன் அங்கே பந்து பொறுக்கினான். சிறு வயது நோயில் கால்கள் வளைந்தவன். பலமில்லாத உடம்பு என்பதால் ஃபோர்ஹேண்டையே ரெண்டு கையால் அடிக்கப் பழகினான். பிறகு உலகின் பெரிய தொழில்முறை ஆட்டக்காரர்களில் ஒருவரானான்.

இவர்களுக்குப் பிறகும் உலகம் மாறவில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக இதை ஒரு விசித்திரமாக, விதிவிலக்காகத்தான் பார்த்தார்கள். நம்ம பக்கத்தின் பெரிய பெயர்களும் ஒரு கைக்காரர்களே. நாகர்கோவிலில் பிறந்து 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணன், அவருக்குப் பின் சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் எல்லோரும் அந்தப் பள்ளிக்கூடம்தான்.

1974இல் உடைந்தது.

அந்த வருடம் ஆண்களுக்கான நான்கு பெரிய பட்டங்களையும் ரெண்டு கைக்காரர்களே எடுத்தார்கள். அவுஸ்திரேலியா, விம்பிள்டன், அமெரிக்கா மூன்றும் ஜிம்மி கொனர்ஸுக்கு. பிரான்ஸ், பதினெட்டு வயது பியோர்ன் போர்குக்கு. பெண்களில் க்ரிஸ் எவர்ட் பிரான்ஸையும் விம்பிள்டனையும் வென்றார். விம்பிள்டன் ஆண்கள் இறுதியைப் பற்றி நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம். கொனர்ஸுக்கு எதிரே 39 வயது கென் ரோஸ்வெல், உலகமே மெச்சிய ஒரு கை பேக்ஹேண்டின் சொந்தக்காரர். 6-1, 6-1, 6-4. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், ரோஸ்வெல் பிறவியில் இடது கைக்காரர். அப்பாதான் சின்ன வயதிலேயே வலது கைக்கு மாற்றி ஆட வைத்தார். பீச்சாங்கையால் தின்னாதே, கொடுக்காதே என்று அதட்டு வாங்கி வளர்ந்த நமக்கு இது புரியாத கதையா?

ஒரு கை அன்றே செத்துவிடவும் இல்லை. அதே 1974இல், நியூயோர்க்கின் புல்தரையில், விஜய் அமிர்தராஜ் அதே போர்கைத் தோற்கடித்தார். ஒரு கை பேக்ஹேண்டோடுதான்.

அந்த மூவரும் எப்படி ரெண்டு கைக்கு வந்தார்கள்? எவர்ட்டின் அப்பா ஜிம்மி, ஃபுளோரிடாவில் பொது மைதானத்து டென்னிஸ் பயிற்றுவிப்பாளர். அவர் மகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. பிள்ளை சின்னது, பலமில்லை, அதனால் தானாகவே ரெண்டு கையால் பிடித்தது. வளர்ந்ததும் மாற்றிக்கொள்ளும் என்று காத்திருந்தார். அந்தப் பிள்ளை 1970இல், பதினைந்து வயதில், அந்த வருடம் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றிருந்த மார்கரெட் கோர்ட்டைத் தோற்கடித்தபோது மாற்றச் சொல்ல யாருக்கு வாய் வரும்? போர்குக்கு முதல் ரெக்கட் வந்ததே அப்பா ஒரு மேசைப்பந்துப் போட்டியில் வென்ற பரிசாக. சுவீடன் பையன், ஐஸ் ஹொக்கி ஆடியவன். ஹொக்கிக் கோலை வீசும் அசைவு அவன் பேக்ஹேண்டில் அப்படியே தெரியும். கொனர்ஸுக்குத் தாயும் பாட்டியும் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு பட்டை தீட்டியவர் யார் தெரியுமா? பந்து பொறுக்கிய அதே செகூரா.

எங்கட கிரவுண்டில் ஒருவன் ரெண்டு கையால் அடித்தால் "என்ன மச்சான், பொம்புளப் புள்ள மாதிரி" என்று ஒரு குரல் வரும். சரித்திரத்தைப் பார்த்தால் அந்தக் குரலுக்கு நாம் சொல்லக்கூடிய பதில்: ஓம், பொம்புளப் புள்ளையிடமிருந்துதான். 18 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் எடுத்த பொம்புளப் புள்ள.

சரி, பலவீனத்தால் வந்த ஒரு பழக்கம் ஏன் வென்றது? இங்கேதான் பேக்ஸ்விங் வருகிறது. ஒரு கையால் ரெக்கட்டை எவ்வளவு தூரமும் பின்னுக்கு இழுக்கலாம். ரெண்டு கையும் பிடியில் இருந்தால் முடியாது. ஒரு கை மற்றதைப் பிடித்து வைத்திருக்கும். கையால் போக முடியாத தூரத்தை உடம்பு திரும்பித்தான் ஈடுசெய்ய வேண்டும். ஆக, இழுவை தானாகவே குட்டையாகிறது. தோளும் இடுப்பும் தானாகவே வேலைக்கு வருகின்றன. மணிக்கு 180 கிலோமீற்றரில் வரும் சேர்வ் உங்களிடம் சேர அரைச் செக்கன் அளவுதான் எடுக்கும். அதற்குள் வாளை உருவ நேரம் எங்கே? கொனர்ஸும் அவருக்குப் பின் அன்ட்ரே அகாஸியும் சேர்வைத் திருப்பி அடிப்பதில் பேர் வாங்கியது இந்தக் குட்டை இழுவையால். 1992 விம்பிள்டன் இறுதியில் கொரான் இவானிசெவிச்சின் பயங்கர சேர்வுக்கு அகாஸியின் பதில் இதுவே.

எண்பதுகளில் மரம் போய் இலேசான கிரபைட் ரெக்கட் வந்தது. அப்போதாவது பிள்ளைகள் ஒரு கைக்குத் திரும்பியிருக்கலாமே? திரும்பவில்லை. பந்தின் வேகமும் சுழலும் கூடின. தோளுயரத்துக்கு எழும்பும் பந்தை ஒரு கையால் அமுக்குவது இன்னும் கஷ்டமானது. சிலர் எதிர்த்திசையிலும் போனார்கள். பீட் சாம்ப்ரஸ் ரெண்டு கையோடு வளர்ந்தவர். பதின்ம வயதில் அவருடைய பயிற்றுவிப்பாளர் பீட்டர் ஃபிஷர் விம்பிள்டனை மனதில் வைத்து ஒரு கைக்கு மாற்றினார். ஏழு விம்பிள்டன் வந்தது. ஆனாலும் 2024 பெப்ரவரியில், 1973இல் தரவரிசை தொடங்கிய பிறகு முதல் தடவையாக, ஆண்களின் முதல் பத்துப் பேரில் ஒரு கை பேக்ஹேண்ட்காரர் ஒருவரும் இல்லாமல் போனார்கள். எங்களில் பாதிப் பேர் ஃபெடரர் ரசிகர்கள். அந்த வாரம் கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது.

இனி பழகுபவர்களுக்கு. ரெண்டு கை பேக்ஹேண்டில் பெரும்பாலும் பிழைக்கும் இடம் ஒன்றுதான்: உடம்பு நிற்கிறது, கை மட்டும் பின்னுக்குப் போகிறது. அப்படிப் போனால் முழங்கைகள் வயிற்றோடு முட்டும், ரெக்கட் முதுகுக்குப் பின்னால் ஒளியும், பந்துக்குப் பிந்தும். ஆகவே கையை மறந்துவிடுங்கள். பந்து இடப்பக்கம் வருகிறது என்று தெரிந்த உடனேயே, அது தரையில் குத்தும் வரை காத்திராமல், தோள்களைத் திருப்புங்கள். வலது தோள் நாடிக்குக் கீழே வர வேண்டும். கைகள் இடது இடுப்புக்குக் கிட்ட, ரெக்கட்டின் தலை கொஞ்சம் மேலே. அவ்வளவுதான் பேக்ஸ்விங். அங்கிருந்து முழங்காலை மடித்து ரெக்கட் தலையைப் பந்துக்குக் கீழே விழவிட்டு, முன்னங்காலுக்கு முன்னால் பந்தைச் சந்திக்க வேண்டும். எவர்ட் ரெக்கட்டை ஏறத்தாழ நேராகவே பின்னுக்குக் கொண்டுபோனார். இன்றைக்கு ஆடுபவர்கள் பலர் ஒரு சின்ன வளைவு போடுகிறார்கள். தொடங்குபவர்களுக்கு எவர்ட் வழிதான் நல்லது என்பது எங்கள் கட்சி. வளைவு பிறகு தானாக வரும்.

பிடியில் ஒரு விஷயம். வலது கை சுத்தியல் பிடிப்பது போல, இடது கை ரெக்கட்டோடு சலாம் சொல்லிக் கை கொடுப்பது போல. அடிப்பது இடது கை. வலது கை வழிகாட்டினால் போதும். முதலில் இதை நம்புவது கஷ்டம், ஏனென்றால் வாழ்நாள் முழுக்க சோத்துக்கையே எல்லாம் செய்திருக்கிறது. அதற்கு மருந்து, வலது கையை எடுத்துவிட்டு, பிடியில் கொஞ்சம் மேலே பிடித்து, இடது கையால் மட்டும் இருபது முப்பது பந்து மெதுவாக அடிப்பது. முதல் நாள் சிரிப்பாக இருக்கும். ஒரு வாரத்தில் இழுவை குறைந்திருக்கும், ஏனென்றால் பழக்கமில்லாத கை வீண் வித்தை காட்டாது. ஊர் 'லெஃப்டர்'களுக்கு இந்த ஒரு வாரமும் தேவைப்படாது.

கோர்ட் இல்லையே என்பது நியாயமான பேச்சு. ஒரு கோர்ட்டின் கோடுகளுக்குள் மட்டும் 23.77 மீற்றர் நீளம், 10.97 மீற்றர் அகலம். சுற்றி ஓட இடம் விட்டால் இன்னும் அதிகம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் மழைக்குப் பெருகும் பிங்கா ஓயா, நடுவில் ஏ9 பாதையும் கடைகளும் என்று இருக்கும் ஊரில் அவ்வளவு சமதரை லேசில் கிடைக்காது. ஆனால் பேக்ஸ்விங் பழக ஒரு சுவர் போதும். உண்மையில் ரெண்டு சுவர் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று முன்னால், பந்தைத் திருப்பி அனுப்ப. மற்றது பின்னால், முதுகுக்கு ஓரடி தள்ளி. ரெக்கட்டைத் தேவைக்கு மேல் பின்னுக்கு இழுத்தால் பின் சுவரில் இடிக்கும். பயிற்றுவிப்பாளர் பத்துத் தடவை சொல்வதை அந்தச் சுவர் ஒரே தடவையில் சொல்லிவிடும். நல்ல ரெக்கட் என்றால் பின் சுவரில் ஒரு பழைய சாக்கைத் தொங்கவிடுங்கள்.

தம்பி தங்கச்சிமாரைப் பழக்குபவர்கள் பத்திரமாக ஒரு விஷயம் பார்க்க வேண்டும். உலக டென்னிஸ் சம்மேளனம் 2012இலிருந்து பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே அனுமதிக்கிறது. சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று படிப்படியாக வேகம் கூடும். இங்கே அவை கைக்குக் கிடைக்காவிட்டால், கிரிக்கெட்டில் அடித்து அடித்துக் காற்றிறங்கி ரோமம் தேய்ந்த பழைய டென்னிஸ் போல் நிறைய வீடுகளில் கட்டிலுக்கடியில் கிடக்கும். குறைவாக எழும்பும், மெதுவாக வரும். சின்னப் பிள்ளைக்குத் தோளைத் திருப்ப நேரம் கிடைக்கும். அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் ஒரு அரை மணித்தியாலம், ஒரு சுவர், அந்தப் பந்து. பிள்ளை மற்றக் கையையும் பிடியில் வைத்தால் தட்டிவிட வேண்டாம்.