டவுன்ஹவுஸ் வாங்குதல் (ஒன்ராறியோ)

டவுன்ஹவுஸ் என்பது பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, தனி வாசலோடும் இரண்டு மூன்று தளங்களோடும் வரிசையாக நிற்கும் வீடு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும், தனிவீட்டின் விலை எட்டாத குடும்பங்கள் பலவும் அடுத்துப் பார்ப்பது இதைத்தான். பார்க்கப் போகிறவர்கள் படுக்கையறைகளை எண்ணுகிறார்கள்; முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பது நல்லது. சில வரிசைகளில் ஒரே கூரையின் மேல்போர்வையான ஷிங்கிள், பொதுச்சுவர் வரும் இடத்தில் சட்டென்று நிறம் மாறும்: இந்தப் பக்கம் புதுக் கறுப்பு, அந்தப் பக்கம் வெளிறி ஓரம் சுருண்ட பழசு. அவரவர் கூரையை அவரவரே மாற்றும் ஃப்ரீஹோல்ட் வீடுகள் அவை. வரிசை முழுதும் ஒரே சமயத்தில் மாற்றிய கூரை என்றால் அநேகமாகக் கொண்டோ. வெளித்தோற்றத்தில் ஒரே அச்சான இவ்விரண்டும் சட்டப்படி வெவ்வேறு சொத்துகள். கூரை யாருடையது என்று தெரியாமல் டவுன்ஹவுஸ் நமக்கு ஏற்றதா என்பதற்கு விடை சொல்ல முடியாது.

ஃப்ரீஹோல்டில் மண்ணும் வீடும் வாங்கியவருக்கே சொந்தம். கொண்டோவில் 1998-ஆம் ஆண்டின் கொண்டோமினியச் சட்டப்படி வீட்டின் உள்பகுதி நமக்கு. கூரையும் வெளிச்சுவரும் உள்சாலையும் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது; அவற்றின் பராமரிப்புக்கு மாதாமாதம் கட்டணம் உண்டு. பின்முற்றம்கூடப் பல இடங்களில் நாம் மட்டும் பயன்படுத்தலாம் என்ற அளவில்தான் நம்முடையது. இடையில் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: வீடும் மண்ணும் சொந்தம், உள்சாலை மட்டும் பொது, அதற்கு மாதாமாதம் சிறு கட்டணம். விளம்பரத்தில் ‘ஃப்ரீஹோல்ட்’ பெரிய எழுத்திலும் கட்டணம் சின்ன எழுத்திலும் இருப்பது இந்த வகைக்குத்தான்.

கொண்டோக் கட்டணம் வீண் பணம், கடன் தீர்ந்த பிறகும் தீராத வாடகை என்று சொல்வோர் உண்டு. மாதம் 400 டாலர் என்றால் 20 ஆண்டில் 96,000 டாலர்; கணக்கு பயமுறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ஷிங்கிள் கூரைக்கும் ஏறக்குறைய அதே 20 ஆண்டுதான் ஆயுள். ஃப்ரீஹோல்ட்காரரும் அந்தச் செலவிலிருந்து தப்புவதில்லை. ரசீது மொத்தமாக ஒரே நாளில் வருகிறது, அவ்வளவுதான். தானாகச் சேமிக்கும் ஒழுங்கு உள்ளவருக்கு ஃப்ரீஹோல்ட் லாபம். அது இல்லாதவருக்குக் கட்டணம் ஒரு கட்டாய உண்டியல். ஆனாலும் இந்த எதிர்ப்பில் ஓர் உண்மை இருக்கிறது: வீட்டுக்கடனுக்கான தகுதியைக் கணக்கிடும்போது கட்டணத்தில் பாதியை மாதச் செலவோடு சேர்ப்பது வழக்கம் என்பதால், அதே சம்பளத்துக்குக் கிடைக்கும் கடன் குறைகிறது. அதற்காகக் குறைந்த கட்டணத்தைத் தேடி அலைவதும் சரியல்ல. கட்டணம் குறைவாக இருப்பது உண்டியல் காலியாக இருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். பிறகு கூரை ஒழுகும்போது நிர்வாகம் ஒவ்வொரு வீட்டின் மீதும் சிறப்புக் கட்டணம் விதிக்கும். கட்டத் தவறினால் வீட்டின் மீதே பற்றுரிமை பதிவாகும்.

உண்டியலைத் திறந்து பார்க்க வழி உண்டு. நிலைச் சான்றிதழ் (status certificate) கேட்டால் கொண்டோ நிர்வாகம் 10 நாளுக்குள் தர வேண்டும். அதற்கு 100 டாலருக்கு மேல் கேட்கக்கூடாது. சேமநிதி எவ்வளவு, நடக்கும் வழக்குகள் என்ன, கொண்டோக் கட்டணம் ஏறப்போகிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். வழக்கறிஞர் அதைப் படித்துப் பார்க்கும்வரை ஒப்பந்தம் உறுதியாகாது என்ற நிபந்தனையோடு விலை பேசுவதே விவேகம். போட்டிக்கு ஆள் நிற்கும்போது இத்தகைய நிபந்தனைகளைக் கைவிடச் சொல்வார்கள். ஃப்ரீஹோல்டைவிடக் கொண்டோவில் அது பெரிய ஆபத்து, ஏனென்றால் அங்கே வாங்குவது வீட்டோடு சேர்த்து ஒரு கூட்டுக் கணக்கின் பங்கையும்.

எந்தச் சான்றிதழும் சொல்லாத ஒன்று படிக்கட்டு. குறுகிய மனையில் கட்டிய பல வீடுகளில் கீழே கராஜ், நடுவில் சமையலறை, மேலே படுக்கையறை. அரிசி மூட்டை ஒரு மாடி ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டி தூங்குவதற்கு இரண்டு மாடி. பெற்றோரைக் கூட வைத்துக்கொள்ள நினைக்கும் குடும்பம் தரைத்தளத்தில் ஓர் அறையும் குளியலறையும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசட்டும்.