கரிசல் மண்ணுக்கும் மலாயாவுக்கும் இடையே ஒரு கடித நட்பு

நட்பைப் பற்றிப் பேசும்போது நம் மாணவர்க்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். காணாமலே வளர்ந்த நட்பு அது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது நன்கு கண்டு பழகியபின் கடலும் நோயும் குறுக்கிட்ட ஒரு நட்பினை. அதில் ஒரு முனை சிலகாலம் நம் நாட்டில் இருந்தது என்பதால், ஜொகூரில் வாழும் நமக்கு அது அயலார் கதையன்று.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் சிறிய கரிசல் ஊர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், சில நாள் இடைவெளியில் அங்குப் பிறந்தனர். இருவரையும் முதலில் பிணைத்தது இலக்கியத்தைக் காட்டிலும் இசையே எனலாம். விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டும், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் அவர்களுக்குப் பள்ளிக்கூடமாயின. குற்றாலத்தில் இரசிகமணி டி.கே.சி.யின் அவை மற்றொரு பள்ளிக்கூடம்.

அழகிரிசாமி சார்பதிவாளர் அலுவலக எழுத்தர் வேலையைத் துறந்து, பத்திரிகைத் தொழிலை நாடிச் சென்னைக்குச் சென்றார். ராஜநாராயணன் ஊரிலேயே இருந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. இளமையிலேயே காசநோய் அவரைப் பற்றியது.

அக்காலத்தில் காசநோய் என்பது ஒருவருக்கு வந்த நோயன்று. ஒரு வீட்டுக்கு வந்த நோய். நோயாளியின் தட்டும் குவளையும் தனியே ஒதுக்கப்படும். படுக்கை திண்ணைக்கோ தனியறைக்கோ நகரும். வருவோர் போவோர் குறைவர். வீட்டில் பெண்ணோ பிள்ளையோ மணமாகும் பருவத்தில் இருந்தால், நோயின் பெயரையே உரக்கச் சொல்லமாட்டார்கள். ஓய்வும் நல்லுணவும் தூய காற்றுமே பெரும்பாலும் மருந்து. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டறியப்பட்டது. சிற்றூர் ஒன்றின் உழவர் வீட்டை அது எட்டுவது எளிதாக இருக்கவில்லை. இந்நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்பதை உலகுக்குக் காட்டியதே சென்னைதான். 1956இல் அங்கு அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டில் மருந்துண்டோரையும் நோய்விடுதியில் தங்கியோரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. 1959இல் வெளிவந்த அதன் முடிவுகளின்படி, வீட்டிலிருந்தோர் பெற்ற நலம் ஏறத்தாழ மற்றவர்க்கு இணையாகவே இருந்தது. அவர்களால் குடும்பத்தார்க்குக் கூடுதல் தீங்கும் நேரவில்லை. அதற்கு முந்திய தலைமுறை நோயாளி எவ்வளவு தனிமையை வீணாகச் சுமந்தான் என்பதை இதனால் உணரலாம்.

அத்தகைய தனிமைக்குள் அச்சமின்றி நுழையக்கூடிய விருந்தாளி கடிதம் ஒன்றே. அது தொற்றுக்கு அஞ்சாது, படித்தபின் தலையணைக்கு அடியில் தங்கும், மறுமுறையும் பேசும். நோயாளிக்கு மற்றொன்றையும் அது தருகிறது: பதில் எழுதும் கடமை. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற கேள்விக்கே நாளெல்லாம் விடைசொல்லிச் சலித்தவனுக்கு, ஒரு கதையைப் பற்றியோ ஓர் இராகத்தைப் பற்றியோ எழுதவேண்டியிருப்பது பெரும் விடுதலையன்றோ!

1950களில் அழகிரிசாமி இன்னும் தொலைவு சென்றார். கோலாலம்பூரில், 1924ஆம் ஆண்டு முதல் வெளிவந்துகொண்டிருந்த 'தமிழ் நேசன்' நாளிதழில் பொறுப்பேற்று, 1957 வரை இந்நாட்டில் இருந்தார். எழுத முனைந்த இளைஞர்களை இலக்கிய வட்டமாகக் கூட்டிச் சிறுகதையின் நுட்பங்களைப் பேசினார். வடக்கே 'தமிழ் நேசன்', தெற்கே பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' என இரு நாளிதழ்களுக்கு நடுவே வாழ்ந்தது நம் ஜொகூர். இங்குள்ள தோட்டப்புற வாசகர்க்கு அவர் பெயர் அவ்வாறே அறிமுகமாகியிருக்க வேண்டும்.

குளுவாங், சிகாமட், லாபீஸ் வட்டாரத் தோட்டங்களிலும் கடிதத்தின் வேலை இதுவே. மலைக்காய்ச்சலில் கிடந்தவரின் செய்தி, எழுதத் தெரிந்த ஒருவரின் கையால் ஊருக்குக் கப்பலேறியது. ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகளில் அவ்வழியும் அடைபட்டது. சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பதே பல வீடுகளுக்குத் தெரியவில்லை. அக்கடிதங்களுள் பெரும்பாலானவை கறையானுக்கும் ஈரத்துக்கும், தோட்டத்தைவிட்டு வெளியேறிய வீடுமாற்றங்களுக்கும் இரையாயின. எஞ்சியவை பாட்டிமாரின் தகரப்பெட்டிகளில் இருக்கக்கூடும். ஆசிரியர்கள் கடிதம் எழுதும் பாடத்தைத் தொடங்குமுன் மாணவரை அப்பெட்டிகளிடம் அனுப்பிப் பார்க்கலாம்; மாதிரிக் கடிதத்தைவிட அது நல்ல பாடநூல்.

இடைசெவலுக்குத் திரும்புவோம். ராஜநாராயணனின் 'மாயமான்' என்னும் சிறுகதை 'சரஸ்வதி' இதழில் வெளிவந்து அவரை எழுத்தாளராக அறிமுகப்படுத்தியபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருந்தது. நாற்பதை நெருங்கும்வரை எழுதாதிருந்தவர் எங்ஙனம் அத்துணை முதிர்ந்த நடையோடு வந்தார் என வியப்பவர் உண்டு. அவர் எழுதாதிருக்கவில்லை, நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் ஒருவரை இருத்திப் பேசும் அவருடைய நடை அங்குப் பழகியதே என்பது நம் கருத்து. பின்னாளில் புகழ்பெற்ற தம் கட்டுரைத் தொடருக்கு 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்று அவர் பெயரிட்டதைத் தற்செயல் என்று நம்மால் கொள்ள இயலவில்லை.

நோயாளியாயிருந்தவரை அன்று கண்டோர், இவ்விருவருள் நீண்டநாள் வாழப்போகிறவர் யார் என்று கேட்டிருந்தால் வேறு விடை சொல்லியிருப்பர். அழகிரிசாமி 1970 ஜூலை 5ஆம் நாள், நாற்பத்தேழு வயது நிறையுமுன் மறைந்தார். 'அன்பளிப்பு' தொகுதிக்கான சாகித்திய அகாதெமி விருது மறைவுக்குப் பின்னரே அவருக்கு வந்தது. காசநோயிலிருந்து மீண்ட ராஜநாராயணன் 'கோபல்லபுரத்து மக்கள்' புதினத்துக்கு 1991இல் அதே விருதைப் பெற்று, 2021 மே 17 வரை வாழ்ந்தார். நண்பர் தமக்கு எழுதிய கடிதங்களை அவர் வீசிவிடவில்லை. அவை அழகிரிசாமியின் பெயரிலேயே நூலாக வெளிவந்தன.