நாரத்தை: சொல்லும் காயும்

நாரத்தை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்மரம். பேச்சில் அது நார்த்தை, காய் நார்த்தங்காய். தாவர நூல்கள் பெரும்பாலும் சிட்ரஸ் மெடிக்கா என்று குறிக்கின்றன. சில வட்டாரங்களில் கசப்பு ஆரஞ்சு வகைக்கும் நாரத்தை என்ற பெயர் வழங்குகிறது. காயின் தோல் தடித்துக் கரடுமுரடாக இருக்கும். அதனடியில் வெள்ளைச் சதை, நடுவே சிறிதளவு புளிப்புச் சாறு. ‘மெடிக்கா’ என்பது மருந்தைக் குறிப்பதன்று. கி.மு. 300ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இதைப் பண்டைய ஈரானின் மீடியா நாட்டுக் கனி என்றார், அதுவே பெயராயிற்று.

சங்க நூல்களில் ‘நரந்தம்’ என்ற சொல் உண்டு. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் வரும் நரந்தத்தை நாரத்தம்பூ என்று உரைகாரர் கொள்வர். ஆனால் புறநானூற்றின் 132ஆம் பாட்டில் நரந்தை, இமயத்துக் கவரிமான் மேயும் நறும்புல். இரண்டுக்கும் பொது மணமே. ‘நறு’ என்னும் அடியோடு இச்சொல்லை இணைப்பதற்கு அதுவே காரணம்.

மலையாளத்தில் எலுமிச்சை நாரங்ங. சிங்களத்தில் மாண்டரின் வகை ஆரஞ்சு நாரங். வடமொழி நாரங்கம் திராவிடத்திலிருந்து சென்றது என்பது பலர் கருத்து. அங்கிருந்து பாரசீக நாரங், அரபு நாரஞ்ச், ஸ்பானிய நரன்ஹா, ஆங்கில ஆரஞ்ச் என்று சொல் நடந்தது. ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்த ஆரஞ்சும் இந்தக் கிளையே.

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையின் பெயர் காயை நினைவூட்டும், வரலாறு வேறு. அனுமன் கொணர்ந்த சஞ்சீவி மலையின் துண்டு விழுந்து இம்மலைகள் மூலிகை பெற்றன என்பது ஊர்க்கதை. நாரதர் பெயரால் அமைந்தது என்றும் சொல்வர். சோழர் காலத்தில் இவ்வூர் தெலுங்ககுலகாலபுரம் என்னும் வணிக நகரம். அந்நகரத்து வணிகர் பெயரால் ‘நகரத்தார் மலை’ என்றிருந்ததே நார்த்தாமலையாகத் திரிந்தது என்பது ஆய்வாளர் முடிவு.

உப்பு நார்த்தங்காய்க்குக் காயைத் துண்டாகாமல் சுருளாக அரிந்து, இடையில் கல்லுப்பை அடைத்துச் சாடியில் ஊறவைப்பார்கள். பிறகு பகலில் வெயில், இரவில் மீண்டும் அதே உப்புநீர். நீர் முழுவதும் காயில் இறங்கியபின் நன்கு உலர்த்தினால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பழைய சோற்றுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் துணை. காய்ச்சலில் செத்துப்போன நாவுக்குச் சுவை மீட்கும்.

இலையும் வீணாவதில்லை. நரம்பு நீக்கிய நார்த்தங்கொழுந்தை எலுமிச்சை இலை, மிளகாய், உப்பு, ஓமம், பெருங்காயத்தோடு இடித்து உருட்டுவது வேப்பிலைக்கட்டி. பெயரில் வேப்பிலை இருந்தாலும் அதில் சேர்வது நாரத்தை இலைதான்.