வாக்கியம் தரும் வாடிக்கையாளர் பட்டியல்: சந்தைப் பிரிவாக்கத்தில் இயல்மொழி வந்த வழி

2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தன் டைனமிக்ஸ் 365 வணிக மென்பொருளில் ‘கோபைலட்’ என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்தது. ஜூனில் சேல்ஸ்ஃபோர்ஸ் ‘மார்க்கெட்டிங் ஜிபிடி’யை அறிவித்தது. விற்பனைத் துறையினருக்கு இரண்டும் தந்த வாக்குறுதிகளில் ஒன்று பொதுவானது: யாருக்கு விளம்பரம் போக வேண்டும் என்று சாதாரண மொழியில் எழுதுங்கள், அந்த வாடிக்கையாளர் பிரிவை மென்பொருளே அமைத்துத் தரும். பெருமொழி மாதிரிகள் வந்ததும் முளைத்த வசதியாகவே இது பேசப்படுகிறது. உண்மையில் இரண்டு பழைய வரலாறுகள் இங்கே சந்திக்கின்றன. ஒன்று, சந்தையைக் கூறுபோட்டுப் பார்க்கும் வழக்கம். மற்றது, தரவுத்தளத்திடம் மனித மொழியில் கேட்கும் முயற்சி. இரண்டாவதில் 1974-லேயே வகுக்கப்பட்ட ஒரு நெறி, இந்தச் சந்திப்பில் பாதி விடுபட்டுப் போனது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் வரலாறு பரவலாக அறியப்பட்டதே. 1920-களில் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ், செவ்ரொலே முதல் காடிலாக் வரை வருமானத்துக்கேற்ப கார்களை அடுக்கியது. 1956-ல் வெண்டல் ஸ்மித் ‘ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்’ இதழில் எழுதிய கட்டுரை சந்தைப் பிரிவாக்கத்துக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தது. 1963-ல் அமெரிக்க அஞ்சல் துறை கடிதங்களைத் தரம்பிரிக்க ஜிப் குறியீட்டைக் கொண்டுவந்தது. ஜானத்தன் ராபின் தொடங்கிய கிளாரிட்டாஸ் நிறுவனம் அந்தக் குறியீட்டையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் இணைத்து, 1970-களில் ‘பிரிஸம்’ என்ற முறையில் அமெரிக்கக் குடியிருப்புகளை 40 வகைகளாக்கியது. செல்வந்தர் குடியிருப்புக்கு ‘புளூ பிளட் எஸ்டேட்ஸ்’ என்பது போன்ற பெயர்களும் சூட்டப்பட்டன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனலில் ஆர்னால்ட் மிட்செல் 1978-ல் உருவாக்கிய ‘வால்ஸ்’ முறையோ முகவரியை விட்டுவிட்டு, மனிதர்களின் மதிப்பீடுகளையும் வாழ்க்கைமுறையையும் கொண்டு அவர்களை 9 வகைகளாக்கியது.

‘பிரிஸம்’, ‘வால்ஸ்’ போன்ற முறைகளில் வகைகளை வகுத்தவர் நிபுணர். பட்டியலை வாங்கியவர் வணிகர். எந்த வீடு எந்த வகையில் சேரும் என்ற விதி வணிகரின் கையில் இல்லை.

இரண்டாவது வரலாறு அவ்வளவாகப் பேசப்படாதது. ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-ல், தரவை அட்டவணைகளாக அடுக்கும் உறவுநிலைத் தரவுத்தள மாதிரியை முன்வைத்தார். அதன்மேல் சாதாரண மனிதர் எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கு, ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்து 1974-ல் இரு வேறு விடைகள் வந்தன. டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் ‘சீக்வெல்’ என்ற வினவல் மொழியை முன்வைத்தார்கள். பின்னாளில் எஸ்கியூஎல் ஆனது அதுதான். கணக்கர், பொறியாளர், நகரத் திட்டமிடுவோர் போன்றவர்கள் கொஞ்சம் முயன்றால் இதைக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர்களின் கணிப்பு. (கணக்கர்கள் கற்றார்களோ இல்லையோ, அதைக் கற்றவர்களுக்கென்றே ஒரு வேலைவாய்ப்புச் சந்தை உருவானது.) காட் தாமே எழுதிய கட்டுரை எதிர்த்திசையில் நின்றது. எப்போதாவது கணினியை அணுகுபவர் எந்தச் செயற்கை மொழியையும் கற்க மாட்டார். ஆகவே அவர் ஆங்கிலத்திலேயே கேட்கட்டும் என்றார். அதற்காக அவர் ‘ராண்டெவூ’ என்ற அமைப்பைத் திட்டமிட்டார்.

காட் மனித மொழியை நம்பிவிடவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். கேள்வி தெளிவாக இல்லாத இடத்தில் இயந்திரம் திருப்பிக் கேட்க வேண்டும். பிறகு, தான் புரிந்துகொண்டதைத் தன் சொற்களில் முழுமையாகச் சொல்லிக் காட்ட வேண்டும். கேட்டவர் ஒப்புக்கொண்ட பின்பே தேடலில் இறங்க வேண்டும். தெளிவுபடுத்தும் உரையாடல், மறுகூற்று ஆகிய இரண்டும் அவர் திட்டத்தின் இரு கால்கள்.

‘வால்ஸ்’ தோன்றிய அதே எஸ்ஆர்ஐயில், கேரி ஹெண்ட்ரிக்ஸும் சகாக்களும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்டால் விடை தரும் ‘லாடர்’ அமைப்பைக் கட்டினார்கள். அதை விவரிக்கும் கட்டுரை வெளியான ஆண்டும் 1978. மனிதர்களை வகைப்படுத்தும் கலையும் தரவிடம் பேசும் கலையும் ஒரே நிறுவனத்தில் இருந்தும், இரண்டும் வணிக மென்பொருளில் இப்படிக் கைகோக்க 45 ஆண்டுகள் ஆயின. ஹெண்ட்ரிக்ஸ் 1982-ல் சிமான்டெக்கைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் ‘கியூ அண்ட் ஏ’ மென்பொருளில் ஆங்கிலத்தில் கேட்கும் வசதி இருந்தது. ஆனால் இவ்வகை அமைப்புகள் தங்களுக்குக் கொடுத்த சொல்வளத்துக்கும் இலக்கணத்துக்கும் அப்பால் செல்ல முடியாதவை. சந்தைப்படுத்துவோர் பின்னர் ‘வயது’, ‘நகரம்’, ‘கடைசிக் கொள்முதல்’ என்று திரையில் தேர்ந்தெடுக்கும் வடிகட்டிகளுக்குப் பழகினார்கள். சிக்கலான பிரிவு வேண்டுமென்றால் தரவுப் பகுப்பாய்வாளரின் மேசைக்குப் போனார்கள்.

சொல்வளம், இலக்கணம் என்ற அந்தத் தடை உடைந்தது இயந்திரக் கற்றலால்: கேள்வியை வினவலாக மாற்ற மாதிரிகளுக்கு எடுத்துக்காட்டுகளைக் கொண்டு பயிற்சி தரப்பட்டது. 2017-ல் வெளியான ‘விக்கிஎஸ்கியூஎல்’ தரவுத்தொகுப்பில் 80,000-க்கும் மேற்பட்ட கேள்வி-வினவல் இணைகள் இருந்தன. 2018-ல் யேல் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ‘ஸ்பைடர்’, 200 தரவுத்தளங்களில் பரவிய கடினமான கேள்விகளைக் கொண்டது. பெருமொழி மாதிரிகள் வந்ததும் அந்தத் தனிப்பயிற்சிகூடக் கட்டாயமில்லாமல் போனது.

இன்றைய அமைப்புகளின் பொதுவான கட்டமைப்பு எளியது. பயனரின் வாக்கியத்தோடு அட்டவணைகள், புலங்கள் ஆகியவற்றின் பெயர்களும் மாதிரிக்கு அனுப்பப்படுகின்றன. மாதிரி நிபந்தனைகளை எழுதித் தருகிறது. மென்பொருள் அவற்றை ஓட்டி எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று காட்டுகிறது. ‘மூன்று மாதமாக எதுவும் வாங்காத நல்ல வாடிக்கையாளர்கள்’ என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். மூன்று மாதம் என்பது 90 நாளா, முடிந்துபோன மூன்று நாட்காட்டி மாதங்களா? வாங்கித் திருப்பி அனுப்பியது வாங்கியதில் சேருமா? ‘நல்ல’ என்பது தொகையா, தடவையா? பதிவு செய்துவிட்டு ஒருமுறைகூட வாங்காதவருக்குக் கொள்முதல் தேதி வெறுமையாக இருக்கும். நிபந்தனையை எழுதும் விதத்தைப் பொறுத்து அவர் பட்டியலில் நுழையவும் கூடும், சத்தமில்லாமல் உதிரவும் கூடும்.

பகுப்பாய்வாளரிடம் போன காலத்தில் இவற்றை அவர் வாய்விட்டுக் கேட்பார். வணிகர் எரிச்சலோடு பதில் சொல்வார். அந்த எரிச்சலில்தான் விதி தெளிவாகும். இன்றைய மாதிரியோ பெரும்பாலும் கேட்பதில்லை, ஊகித்துவிடுகிறது. ஊகம் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. வருவது சரியான தொடரமைப்புள்ள நிபந்தனை, கூடவே நம்பத்தக்க ஓர் எண்ணிக்கை. உருவான நிபந்தனைகளைத் திரையில் காட்டித் திருத்த விடுவது காட் சொன்ன மறுகூற்றின் ஒரு வடிவம்தான். திருப்பிக் கேட்பதைத்தான் காணவில்லை. வேகமே இந்தப் பொருள்களின் விற்பனைச் சொல் என்பதால், பயனரை நிறுத்திக் கேள்வி கேட்க நிறுவனங்கள் தயங்குகின்றன என்றே கருதுகிறேன்.

இந்த ஊகம் தொழில்நுட்பக் குறையோடு நிற்பதில்லை. 2019 மார்ச்சில் அமெரிக்கக் குடிமை உரிமை அமைப்புகளுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, வீடு, வேலை, கடன் விளம்பரங்களை வயது, பாலினம், ஜிப் குறியீடு ஆகியவற்றைக் கொண்டு இலக்கிடும் வசதியை ஃபேஸ்புக் கைவிட ஒப்புக்கொண்டது. ஜிப் குறியீடு அந்தப் பட்டியலில் இடம்பெற்றதற்குக் காரணம் உண்டு: குடியிருப்புகள் இனவாரியாகப் பிரிந்து கிடக்கும் நாட்டில் முகவரி இனத்தின் நிழல். கடன் விளம்பரத்துக்கு ‘வசதியான பகுதியில் இருப்பவர்கள்’ என்று ஒருவர் எழுதினால், மாதிரி நேராக அஞ்சல் குறியீட்டுப் புலத்துக்குப் போகக்கூடும். ‘பிரிஸம்’ காலத்தில் அந்த முடிவை எடுத்தவர் யார் என்று கேட்க ஒரு நிறுவனமாவது இருந்தது. இங்கே எழுதியவர் பகுதி என்றார். குறியீட்டைத் தேர்ந்தது மாதிரி.

சேமித்த பிரிவை நாள்தோறும் புதுப்பிக்கும்போது மென்பொருள் மீண்டும் ஓட்டுவது நிபந்தனையைத்தான், வாக்கியத்தை அல்ல. கடைக்காரர் பிறகு திருப்பி அனுப்பும் கொள்கையை மாற்றலாம், புதிய நகரங்களுக்கு விரியலாம். நிபந்தனை பழைய ஊகத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். மூல வாக்கியத்தையும், அதிலிருந்து பிறந்த நிபந்தனையையும், ஒப்புக்கொண்டவரின் பெயரையும் தேதியோடு சேர்த்து வைக்காத நிறுவனத்தில், ஓராண்டு கழித்து அந்தப் பிரிவைத் திறப்பவருக்குக் கிடைப்பது ‘விலகிப் போகும் வாடிக்கையாளர்’ என்ற பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே.