கைநாட்டிலிருந்து ஓடிபி வரை: பெரியவர்களும் ரீசெட்டும்

1858-ம் வருஷம் மார்ச் 10-ந் தேதி இருநூறு கைதிகளோடு ஒரு கப்பல் போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தது. (2024-லிருந்து ஊர் பேர் ஸ்ரீ விஜயபுரம். எனக்குப் பழைய பேர்தான் வாயில் வருகிறது, மன்னிக்கவும்.) இந்தத் தண்டனைக் குடியேற்றத்தில் கைதிகளின் கழுத்தில் ஒரு மரச்சீட்டு தொங்கும். கைதி எண், தண்டனைப் பிரிவு, விடுதலைத் தேதி எல்லாம் அதில் இருக்கும். நீ யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, கழுத்தே சொல்லிவிடும்.

அதே வருஷம் ஜூலையில், வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி வேறொரு வழி கண்டுபிடித்தார். ராஜ்யதர் கோனாய் என்ற காண்டிராக்டர் பின்னால் பேச்சு மாறக்கூடாது என்று, ஒப்பந்தக் காகிதத்தில் அவர் உள்ளங்கையையே மை தடவிப் பதிய வைத்தார். 1877-ல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பென்ஷன்காரர்களிடமும் விரல்ரேகை வாங்கினார். செத்துப்போனவர் பேரில் வேறொருத்தர் பென்ஷன் வாங்கிவிடக் கூடாதே! 2014 நவம்பர் 10-ந் தேதி தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்திலும் அதே பென்ஷன்காரர், அதே விரல். நடுவே 137 வருஷம்.

இந்தக் கதையெல்லாம் எதற்கு? ரீசெட் என்பது கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். இல்லைங்க. சாவியைத் தொலைத்தவர் 'நான்தான் நான்' என்று எப்படி நிரூபிப்பது என்பதுதான் ரீசெட். அது ரொம்பப் பழைய கேள்வி.

எங்கள் வங்கித் தொழிலில் அதற்குப் பதிலாக நெடுநாள் இருந்தது மனுஷன்தான். கணக்கு திறக்க ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்புக் தொலைந்து வந்தால் கேஷியர் முகத்தைப் பார்த்தே "வாங்க" என்பார். 2012 டிசம்பரில் ரிசர்வ் வங்கி, அறிமுகக் கையெழுத்தைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அடையாளச் சான்றே போதும். நல்ல மாற்றம்தான், ஊர் மாறிப் போன நம்மைப் போன்றவர்களுக்கு அறிமுகம் செய்ய ஆள் எங்கே கிடைக்கும்?

கடவுச்சொல் கதை வேறு. 1961 வாக்கில் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளக் கடவுச்சொல் வைத்தார்கள். மறு வருஷமே ஆலன் ஷெர் என்ற மாணவர் எல்லாருடைய கடவுச்சொல்லையும் அச்செடுத்துவிட்டார்! 1967-ல் லண்டன் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கியின் பண இயந்திரம் வந்தது. அதைச் செய்த ஜான் ஷெப்பர்ட்-பேரன், ஷில்லாங்கில் பிறந்தவர். முதலில் ஆறு இலக்கம் என்று நினைத்தாராம். மனைவிக்கு நாலுதான் நினைவில் நின்றது, அதனால் நாலு என்று அவரே சொல்லியிருக்கிறார். மறதி இயல்பு என்று ஒத்துக்கொண்டுதான் இந்தத் தொழில்நுட்பமே பிறந்திருக்கிறது. அப்பா மறந்துவிட்டார் என்று கத்துவதற்கு முன் இதை யோசியுங்கள்.

2009 ஆகஸ்ட் 1 முதல், இணையத்தில் கார்டு பயன்படுத்தினால் கார்டில் அச்சிடாத இன்னொரு சான்றும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. பிறகு அந்தச் சான்று பெரும்பாலும் ஓடிபி என்றாகிவிட்டது. மரச்சீட்டு, கைரேகை, அறிமுகக் கையெழுத்து எல்லாம் போய், ஒரு செல் நம்பர்தான் ஆள் என்று ஆனது.

தீவில் இருப்பவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது 2020 ஆகஸ்ட் 10-ந் தேதிதான். சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் எல்லாம் செயற்கைக்கோளை நம்பித்தான். ஓடிபி வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். கேபிள் வந்தபின் ஓடிபி வேகமாக வருகிறது. ஆனால் யாருக்கு வருகிறது என்பதுதான் இப்போதைய கேள்வி.

மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப் பெரியவர் என் கவுண்டருக்கு வந்தார். "தம்பி, புது போன்ல பாங்க் திறக்கல." பார்த்தால், கணக்கில் இருந்தது அவர் விட்டு ஒரு வருஷமான பழைய நம்பர். அந்த நம்பருக்கு அடித்தேன். யாரோ ஒரு பெண் இந்தியில் பேசினார். பெரியவரின் ஓடிபி அத்தனையும் முன்பின் தெரியாத அந்தம்மாவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது! நல்ல மனுஷி, ஒன்றும் நடக்கவில்லை. நம் நாட்டில் 90 நாள் பயன்பாடே இல்லாத நம்பரை நிறுவனம் நிறுத்திவிடலாம். நிறுத்திக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அவ்வளவுதான் அவகாசம்.

ஆகவே அப்பா அம்மாவுக்கு உதவப் போகிறவர்கள் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் நம்பர். சிம் அவர்கள் பேரிலேயே இருக்கட்டும், ரீசார்ஜ் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி, ஆதார், மெயில் மூன்றிலும் அதே நம்பர்தானா என்று பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் அவர்களைக் கிளைக்கு அழைத்துப் போவது நல்லது.

அடுத்து மெயில். மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் ரீசெட் கடிதம் வருவது அங்கேதான்.

மூன்றாவதுதான் போன். "கடையில கொடுத்தா அழிச்சுக் கொடுத்துடுவான்" என்பது பழைய காலம். ஐபோனில் 2013 முதலும், ஆண்ட்ராய்டில் 2015 முதலும், அழித்த பிறகும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். திருடனுக்கு வைத்த பூட்டு, மறந்துபோன தாத்தாவையும் வெளியே நிறுத்திவிடும். அதனால் படங்களைப் பத்திரப்படுத்தி, கணக்கிலிருந்து வெளியேறி, அதன்பிறகே அழிக்க வேண்டும்.

கடைசியில் வங்கி. உதவி எண்ணைக் கூகிளில் தேடாதீர்கள், கார்டின் பின்பக்கம் பாருங்கள். யாராவது சொன்னார்கள் என்று திரையைக் காட்டும் செயலியை இறக்கக் கூடாது. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதை எச்சரித்தது.

எல்லாவற்றையும் அவர்கள் விரலாலேயே அழுத்த வைக்கவும். நேரம் ஆகும், ஆகட்டும். எந்தக் கணக்குக்கு எந்த நம்பர், எந்த மெயில் என்று ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைக்கலாம். பின் நம்பர் மட்டும் அதில் வேண்டாம்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு முக்கியமான விஷயம். "அம்மா, ஒரு நம்பர் வரும், சொல்லு" என்று போனில் ஓடிபி கேட்காதீர்கள். அவசரத்துக்கு நாம் கேட்கிறோம். ஆனால் போனில் கேட்டால் சொல்லலாம் என்று அம்மாவுக்குப் பழக்குவது நாம்தான். நாளைக்கு வேறொருவன் "பாங்க்ல இருந்து பேசறேன்" என்று அதே அவசரத்தோடு கேட்பான். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ரகசியத்தை நாமே சொல்லி நஷ்டமானால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போனது நம் பணம்தான். அதன்பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. எனவே ஏமாந்தது தெரிந்த நிமிஷமே வங்கிக்கும் 1930-க்கும் போன் போட வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒரு வேடிக்கை. 2021-ல் ஆப்பிளும் 2025-ல் கூகிளும் மீட்புத் தொடர்பு என்று ஒன்று கொண்டுவந்தன. கணக்கில் நுழைய முடியாமல் போனால், நாம் முன்பே குறித்துவைத்த நம்பிக்கையான ஒருவர் உதவி செய்து உள்ளே விடலாம். நாங்கள் கைவிட்ட அறிமுகக் கையெழுத்து மாதிரிதான்! சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும், கடைசியில் நம்மைத் தெரிந்த ஒரு மனுஷன் தேவைப்படுகிறான். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த மனுஷன் யார் என்று இந்த வாரமே பேசி முடிவு செய்துவிடுங்கள்.