தலாத் குன்றும் கோல்ஃப் திடலும்

புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு சைகோன் அந்நிய ஊர் அல்ல. தெருவுக்கு ஒருவராவது அங்கே சொல்தாவாகவோ, போலீஸாகவோ, குமாஸ்தாவாகவோ வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு திரும்பியிருப்பார். சைகோன் வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர்கள் கூடவே தலாத்தையும் சொல்வார்கள். நமக்கு ஊட்டி எப்படியோ, அவர்களுக்குத் தலாத் அப்படி.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தப் பீடபூமியை 1893-இல் ஆராய்ந்தவர் டாக்டர் அலெக்ஸாந்த்ர் எர்சேன். மறு ஆண்டே ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். வெயிலிலும் காய்ச்சலிலும் வாடிய வெள்ளையர் உடல் தேற ஓர் இடம் தேடிய கவர்னர் ஜெனரல் போல் துமேர் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1922-இல் அங்கே பெரிய ஓட்டல் திறந்தார்கள். 1923-இல் எர்னஸ்த் எப்ரார் என்ற கட்டடக் கலைஞர் ஊருக்குத் திட்டம் வரைந்தார். ஏரிக்கு அப்பால் இருந்த புல் குன்றில் வீடு கட்டக் கூடாது, லாங்பியாங் மலை மறையாமல் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்தக் குன்றுதான் பிறகு கோல்ஃப் திடலாயிற்று. வியட்நாமியர் அதை ‘தோய் கூ’ என்பார்கள். ‘தோய்’ என்றால் குன்று. 12 வயதில் பட்டம் சூட்டப்பட்டு, பிரான்சில் படித்து, 1932-இல் நாடு திரும்பிய பேரரசர் பாவோ தாய்க்கு வேட்டையும் கோல்ஃபும் உயிர். தலாத்திலேயே அரண்மனையும் கட்டிக்கொண்டார். சாலை போடவும் ரயில் பாதை வெட்டவும் பாடுபட்ட கூலிகளுக்கு அந்தப் புல்லில் என்ன வேலை?

1945 ஆகஸ்டில் பாவோ தாய் முடி துறந்தார். 1946-இல் பிரெஞ்சுக்காரர்களும் வியட்நாமியரும் இதே தலாத்தில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள், உடன்பாடு வரவில்லை. அங்கே வந்திருந்தவர்களில் ஒருவர் வோ ங்குயென் ஜியாப். எட்டு ஆண்டுகள் கழித்து தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தவர் அவரே. அது 1954 மே 7. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி நம் ஊரிலும் பிரெஞ்சு நிர்வாகம் முடிந்தது. நம் ஊரில் கையெழுத்தோடு போயிற்று; அங்கே இன்னும் இருபது ஆண்டுகள் ரத்தம் சிந்த வேண்டியிருந்தது. 1949-இல் நாட்டின் தலைவராகத் திரும்பி வந்த பாவோ தாயும் 1955 வாக்கெடுப்பில் பதவி இழந்தார். 1997-இல் பாரீசில் காலமானார்.

1975-இல் போர் முடிந்தது. கோல்ஃப் ஆட ஆளில்லை. குன்று மட்டும் பைன் மரங்களோடு அப்படியே கிடந்தது. வேலியும் இல்லை, சீட்டும் இல்லை. ஊர் ஜனங்கள் உலாவப் போனார்கள். பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். அரசருக்கென்று ஒதுக்கிய புல் தரை முதல் முறையாக எல்லோருக்கும் ஆனது.

1986-இல் அரசாங்கம் பொருளாதாரக் கதவைத் திறந்தது. டி.எச்.எல். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி ஹில்புளோம் என்ற அமெரிக்கர் அந்தப் பழைய ஓட்டலிலும் திடலிலும் பணம் போட்டார். 1990-களில் 18 குழிகளோடு திடல் மீண்டும் திறந்தது. கூடவே வேலியும் வந்தது. 2023-இல் அங்கே எழுந்த கட்டடம் விதிமீறல் என்று ஊரில் பெரிய சர்ச்சையே நடந்தது.

திடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதனால் பலருக்குப் பிழைப்பு உண்டு, வெளிநாட்டாரும் வருகிறார்கள். ஆனாலும் அரசாங்க ஆபீசில் நிலக் கோப்புகளோடு காலம் தள்ளியவனுக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. ஊருக்குப் பொதுவான இடம் யுத்தத்தில்தான் பறிபோகும் என்று நினைக்கிறோம். தோய் கூ குன்று யுத்தம் முடிந்த பிறகுதான் ஜனங்களுக்குக் கிடைத்தது; சமாதானம் ஊன்றி, பணம் வந்த பிறகு கைவிட்டுப் போனது. நம் ஊர் ஏரிக்கரைகளையும் புறம்போக்குகளையும் பார்த்துவிட்டு, இது தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.